அக்கரைக்குக் கட்டிய புளிசோறு

அம்மாவுக்கு வருஷத் தெவசம் முடிந்த அன்று மத்தியானம், எச்சில் இலைகளை வெளியே போட்டுவிட்டு வந்த என் தங்கை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்போ இனிமே எப்போ பாக்கறது?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. தம்பி வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றான். "பாக்கலாம். எங்க ஓடிடப் போறோம்?" என்றான். ஆளுக்கொரு பக்கம் கிளம்பிப் போனார்கள். திருவொற்றியூர் வீட்டில் நான் ஒண்டியாக அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அப்பா போன பிறகு அம்மா இருந்தாள், அவளைப் பார்க்க வந்தார்கள். அம்மா படுத்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவள் போன பிறகு கருமாதி, அப்புறம் அமாவாசைப் படையல், கடைசியாகத் தெவசம். நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்காருவதற்கு இனி காரணம் எதுவும் இல்லை. அடுத்த விசேஷம் என்றால் தங்கை மகள் பெரியவளாக வேண்டும். அவளுக்கு அப்போது எட்டு வயது. அதுவரைக்குமா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

மூன்று பேரில் நான்தான் மூத்தவள். கல்யாணம் ஆகவில்லை. அதில் பெரிய கதை ஒன்றும் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், கொஞ்ச வருஷத்தில் வருவதும் நின்றது. தங்கை வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீட்டில் இருந்தாள். தம்பி பெரம்பூரில் மாமியார் வீட்டோடு இருந்தான். நான் திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். எனக்கு ஏற்ற வேலை. வருகிறவர்கள் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். பேசி முடித்ததும் மெஷினிலிருந்து வரும் சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊரே என் முன்னால் நின்று அழும், சிரிக்கும், சண்டை போடும். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் காலையில் பால்காரரிடம் பேசியது ஒன்றுதான் அன்றைக்கு நான் பேசியதாக இருக்கும்.

சாயங்காலம் தவறாமல் வரும் ஒருவர் இருந்தார். எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பத்து ஆள், மீன் பிடிக்கப் பைபர் போட்டு ஒன்று வைத்திருந்தவர். நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த மகளிடம் பேசுவார். நடுக்கடலில் காற்றுக்கு எதிராகக் கத்திப் பழகியவர் என்பதால் கதவைச் சாத்தியும் பிரயோசனம் இருக்காது. ஒருநாள் வெளியே வந்ததும், "இன்னிக்கு லேட்டாய்ட்சிமா. நாலு பேர அக்கரைக்குக் கூட்டுகினு போய் வுட்டுட்டு வந்தேன், சும்மா சுத்திப் பாக்க" என்றார்.

அக்கரை என்றதும் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டேன்.

எண்ணூரில் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு மணல் தீவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கால்வாயும் கழிமுகத் தண்ணீரும். அந்தக் காலத்தில் அங்கே ஒன்றும் கிடையாது. மணல், சவுக்கு, தாழம்புதர், எட்ட எட்டக் கொஞ்சம் பனைமரம். கடை இல்லை, குழாய் இல்லை, உட்கார ஒரு கல் இல்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா ஒருமுறை எங்களை அங்கே அழைத்துப் போனார். அவர் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர். லீவு நாளென்றால் பாயை விட்டு எழமாட்டார். அன்றைக்கு என்ன நினைத்தாரோ, அம்மாவைப் புளிசோறு கட்டச் சொன்னார். கட்டுமரத்தில் எங்களை ஒவ்வொருவராகத் தூக்கி உட்காரவைத்தார். அக்கரையில் அம்மா முழங்கால்வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் ஓடினாள். அம்மா ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"ண்ணா," என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். மூன்று வருஷமாக வருகிறவர், நான் பேசி அவர் கேட்டதில்லை. "எங்க வூட்டு ஆளுங்களும் போவணும்."

"அத்த சொல்ல இவ்ளோ நாளா? எத்தினி பேரு?"

"ஏழு பேரு."

"மாசில வா. கடல் சாதுவா இருக்கும். ஞாயித்துக்கெயமயா பாத்து வா."

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டேன். இனி ஆட்களைச் சேர்க்க வேண்டும். தங்கை வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பர்தான். நான் போன் செய்தால் அந்த அம்மா, "இரு, கூப்டறேன்" என்று ரிசீவரை எதன் மேலாவது வைத்துவிட்டுப் போவாள். டிவி சத்தம் கேட்கும், குக்கர் சத்தம் கேட்கும். அப்புறம் தங்கை மூச்சு வாங்க வருவாள். அடுத்தவர் கூடத்தில் நின்றுகொண்டு பேசுவதால் அவள் குரலே வேறு மாதிரி இருக்கும். நானோ பூத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேச வேண்டும். யாராவது படி ஏறினால் வைத்துவிடுவேன். இப்படித்தான் ஒரு மாதம் திட்டம் போட்டோம்.

"அக்கரைக்கா? அங்க இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாத எடத்துக்கு எதுக்குக்கா போவணும்? மெரினாவுக்குப் போனா சுண்டலாவது துண்ணலாம்."

"அப்பா கூட்டுகினு போனாரே. ஞாபகம் கீதா?"

"ஒரு நண்டு என் கால புட்ச்சிது" என்றாள் மெதுவாக. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "க்கா, அங்க பாத்ரூமு?"

"சவுக்குத் தோப்பு கீது."

"ஆங். அப்போ நீ போய்ட்டு வா."

"தோப்பு நல்லா அடர்த்தியா கீது. நான் தொணைக்கு வரேன்."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். சிரித்தாலே வருவாள் என்று அர்த்தம். அடுத்த முறை பேசும்போது, குழந்தைக்குத் தொப்பி வாங்க வேண்டும் என்று அவளே சொன்னாள். வீட்டுக்காரருக்கு அந்த வாரம் ஷிப்ட் மாற்றியிருக்கிறது என்றும் சொன்னாள்.

தம்பி அப்படி இல்லை. அவன் மாமியார் வீட்டில் போன் இருந்தது, ஆனால் எப்போது பேசினாலும், "கூட்டத்துல கீறேன்" என்கிற மாதிரிதான் பேசுவான். "சரி" என்பான். "பாக்கலாம்" என்பான். ஒருமுறை மட்டும், "நான்தான் அன்னிக்கு அப்பா தோள் மேல ஒக்காந்து வந்தேன்" என்றான். தோள்மேல் உட்கார்ந்து வந்தது தங்கை. நான் திருத்தவில்லை. அந்த நாளில் அவனுக்கும் ஒரு இடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கே ஒன்றும் கிடைக்காது என்பதால் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியிருந்தது. குடிதண்ணீருக்குக் கேன். நிழலுக்கு அம்மாவின் பழைய வாயில் துணிப் புடவை இரண்டைச் சேர்த்துத் தைத்தேன். நாலு குச்சி நட்டுக் கட்டினால் பந்தல் மாதிரி நிற்கும் என்று வீட்டுக்குள்ளேயே நாற்காலி முதுகில் கட்டிப் பார்த்தேன். கீழே உட்கார்ந்தும் பார்த்தேன். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், குழந்தைகள் மடியில். அதைக் கட்டி வைத்தபடியே இரண்டு நாள் அவிழ்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூத்துக்கு லீவு சொல்லியிருந்தேன். விடியற்காலையில் எழுந்து பெரிய தூக்கில் புளிசோறு, இன்னொன்றில் எலுமிச்சை சோறு, அவித்த முட்டை, மந்தார இலை எல்லாம் கட்டிக்கொண்டு எண்ணூர் பஸ் ஏறினேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் வழக்கம்போல் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். பாறாங்கற்களுக்கு அந்தப் பக்கம் கடல் எண்ணெய் தடவின மாதிரி கிடந்தது. அவர் சொன்னது சரிதான், சாதுவாக இருந்தது.

குப்பத்து முனையில் இறங்கியதுமே மேளம் கேட்டது. எனக்கு உடனே புரிந்துவிட்டது, ஆனால் புரியாத மாதிரி நடந்தேன். மணலில் போட்டுகள் எல்லாம் மேலே இழுத்து விடப்பட்டிருந்தன. வலைமேல் யாரும் உட்காரவில்லை. தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள்.

போட்டுக்காரர் தோளில் துண்டோடு ஓடி வந்தார். "இன்னிக்கு ஆவாதும்மா. ஊர்ல சாவு வுயுந்துட்சி. விடிகாலம்பற பெரியவரு ஒருத்தரு. ஊர்ல சாவுன்னா ஒரு போட்டும் தண்ணில எறங்காது. ஒனக்குச் சொல்லணும்னு பூத்துக்குப் போன் போட்டேன். அட்ச்சிகினே இருந்துச்சி."

ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் செய்தி என் வழியாகத்தான் போகும். எனக்கு வந்த செய்தி பூட்டிய பூத்துக்குள் அடித்து ஓய்ந்திருந்தது.

குப்பத்து முனையிலேயே ஒரு பூத் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நான் நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா, "அவங்க அப்பவே கெளம்பிட்டாங்களேம்மா. கொழந்த தொப்பி மாட்டிகினு என்னாண்ட காமிச்சிட்டுப் போச்சி" என்றாள். பெரம்பூரில் யாரும் எடுக்கவில்லை.

தங்கையும் அவள் வீட்டுக்காரரும் மகளும் லாரி நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. தம்பி பிறகுதான் வந்தான், மனைவி மகன் இல்லாமல், தனியாக. "அவளுக்கு ஒடம்பு சரியில்ல" என்றான்.

நான் விஷயத்தைச் சொன்னேன். தங்கை வீட்டுக்காரர் ஷாமியானாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யக்கா, பிக்னிக்குனு சொல்லி சாவு வூட்டுக்கா கூட்டுகினு வந்த?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்காததால் போட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நைனா, இந்தாண்டர்ந்து அந்தாண்ட. ஒரு நட வுட்டுட்டு வந்துடேன். யாரு பாக்கப் போறாங்க?"

"பாக்கறதுக்கு இல்ல நைனா. ஒரு துடுப்பு நனைஞ்சாலும் நனைஞ்சதுதான். அவர எடுக்கணும். எட்த்தாலும் நாளைக்குக் காத்தாலதான் தண்ணில எறங்குவோம்."

"நாள் பூரா போனாண்டதான ஒக்காந்துகினு கீற," என்றாள் தங்கை என்னிடம். "ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டு எங்கள வரச் சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் தண்ணீர்ப் பக்கம் நடந்தேன். பதில் சொல்லிப் பழக்கமில்லை.

முகத்துவாரத்தின் கரைக்குப் போய் நின்றோம். அக்கரை எதிரிலேயே இருந்தது. நடுவில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். சவுக்கு மரங்கள் அசைவது தெரிந்தது. நனைந்த மணலில் கொக்குகள் நின்றன. இந்தப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், பின்னால் மேளம்.

"பெரிம்மா, தீவு எது?"

"அதோ, அதான்."

தொப்பியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். "அது இங்க மாதிரியே கீது."

"நீஞ்சியே போய்டலாம் போலகீது" என்றான் தம்பி. அவனுக்கு நீச்சல் தெரியாது. நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தோம். என் தோளுக்கும் தங்கை தோளுக்கும் நடுவில் காற்று போகிற இடம்கூட இல்லை. இப்படியே கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று இருந்தது. சோற்றைப் பிரிக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் தங்கை தூக்குகளைப் பார்த்துவிட்டாள். "பொணம் கெடக்கற ஊர்ல எப்பிடிக்கா துண்றது?" என்றாள். உண்மைதான். எடுக்கிறவரைக்கும் அந்தத் தெருவில் யாரும் வாயில் எதுவும் வைக்கமாட்டார்கள். அவர்கள் பட்டினி கிடக்க, நாங்கள் எதிரில் இலை போட்டு உட்கார முடியாது.

"அப்போ நம்ம வூட்டுக்குப் போய் சாப்டலாம். பஸ்ஸுலதான். எல்லாரும்." இதைச் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"சாவு மோளம் கேட்ட சோத்த வூட்டுக்கு எட்த்துகினு போவக்கூடாதுக்கா. கொழந்த வேற கீது." அவள் கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் அம்மா இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். அவள் வீட்டுக்காரர், "நைட் ஷிப்ட்டு வேற கீது, இப்ப போனாதான் கொஞ்சம் தூங்கலாம்" என்றார். தம்பி வண்டியைத் திருப்பிவிட்டிருந்தான்.

பஸ் வந்தது. தங்கை படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள். "நீ வர்ல?"

"பாத்திரம் கீதே. காலி பண்ணிட்டு வரேன். நீ போ."

மகள் ஜன்னல் வழியாகத் தொப்பியை ஆட்டினாள். தம்பி பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனான். எல்லாமாக அரை மணி நேரம் இருந்திருப்பார்கள்.

சோற்றை ஆற்றில் கொட்டிவிட்டுப் போகலாம் என்று கரையில் உட்கார்ந்தேன். கொட்ட மனம் வரவில்லை. எவ்வளவு நேரம் இருந்தேனோ, மேளம் பெரிதாகி, தெருவைக் கடந்து, தூரமாகப் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தெருவைக் கழுவினார்கள். போட்டுக்காரர் மனைவி என்னைப் பார்த்து வந்தாள்.

"நீ இன்னும் போவலியா? வெயில்ல ஒக்காந்துகினு கீறியே."

நான் தூக்குகளைப் பார்த்தேன். சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். வெளியில் இருந்துதான் யாராவது சோறு கொண்டுவர வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் பிக்னிக்குக்குக் கட்டிய சோற்றை, முன்பின் தெரியாத ஊரில், எப்படிக் கொடுப்பது? ஏதாவது நினைத்துக்கொண்டால்? நாலு வார்த்தைதான், அதைச் சேர்க்க எனக்கு அத்தனை நேரம் ஆயிற்று.

"சோறு கீது. கொழந்தைங்களுக்குக் குடுக்கலாமா?"

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை என்னிடமே விட்டு முன்னால் நடந்தாள்.

ஷாமியானாவுக்குக் கீழே மந்தார இலைகளைப் போட்டோம். சின்னப் பிள்ளைகள் முதலில், பிறகு வெளியூரிலிருந்து வந்த பெண்கள். ஏழு பேருக்குக் கட்டியது, கொஞ்சம் கொஞ்சமாக வைத்ததில் எத்தனையோ பேர் சாப்பிட்டார்கள். இறந்தவரின் மகள் முடியை அள்ளி முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது கண் இடுங்கியிருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "யாரு வூட்டு சோறு இது?" என்றாள்.

"நம்ம பூத்து அக்கா வூட்டுது" என்றாள் போட்டுக்காரர் மனைவி.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ துண்ணியா?"

இல்லை என்று தலையாட்டினேன். தன் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டினாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். புளி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. அம்மா கை வராது எனக்கு.

கிளம்பும்போது போட்டுக்காரர் பஸ் ஸ்டாப்புவரை வந்தார். "நாளைக்குக் காத்தால வாம்மா. ஒன்ன ஒண்டியாவாவது கூட்டுகினு போய்ட்டு வரேன். மனசு கேக்கல."

"அவங்க வரட்டும்ணா" என்றேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் பூத்தில் போன் அடித்தது. எடுத்தால் தங்கை. எப்போதும் நான்தான் அவளைக் கூப்பிடுவேன், அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. பக்கத்து வீட்டுக் கூடம் இல்லை, வியாசர்பாடியில் ஏதோ ஒரு பூத். அவள் குரல் அவள் குரலாகவே இருந்தது.

"சோத்த இன்னா பண்ண?"

"சாப்ட்டாங்க."

யார் என்று அவள் கேட்கவில்லை. "நீ ஒண்டியா அந்தாண்ட போய்ட்டு வந்துட்டியா?" என்றாள்.

"இல்ல."

"போவாத. கொழந்த டெய்லி கேக்குது. எல்லாரும் ஒண்ணாப் போலாம்."

பூத்துக்கு வெளியே ஒருவர் காத்திருந்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்குப் போனை வை என்று அவள்தான் சொன்னாள், நான் வைக்கவில்லை.

அடுத்த மாசியில் தம்பிக்கு முடியவில்லை. அதற்கடுத்ததில் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. போட்டுக்காரர் மகளிடம் பேசிவிட்டு வெளியே வரும்போதெல்லாம், "இன்னாம்மா, போலாமா?" என்பார். "அவங்க வரட்டும்ணா" என்பேன். சில வருஷத்தில் பூத்தில் கூட்டம் குறைந்து, அவர் கையிலும் செல்போன் வந்துவிட்டது. பூத்தை மூடி ஜெராக்ஸ் கடையாக்கினார்கள், நான் அதிலேயே இருந்தேன். அக்கரையில் மண் அடித்து என்னென்னவோ கட்ட ஆரம்பித்தார்கள், வேலி போட்டு வெளியாட்களை விடுவதில்லை. இருட்டினால் எண்ணூரிலிருந்து பார்க்கும்போது வரிசையாக விளக்கு தெரியும். சவுக்கு தெரியாது.

தங்கை இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாள். பேச ஒன்றும் இருக்காது. என்ன குழம்பு, முட்டி வலி, மகளுக்கு வேலை கிடைத்தது. வைக்கிற நேரத்தில் மட்டும் மறக்காமல், "ஒரு நாள் அக்கரைக்குப் போவணுங்க்கா" என்பாள்.

"போலாம்" என்பேன்.

அங்கே போக முடியாது என்று அவளுக்கும் தெரியும். வாயில் புடவைப் பந்தல் இன்னும் பீரோவில்தான் மடித்து வைத்திருக்கிறேன்.